முதல் டெலஸ்கோப் வாங்கும் முன்னும் பின்னும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொட்டை மாடியிலோ பள்ளி மைதானத்திலோ டெலஸ்கோப்பை நிறுத்தி நிலாவைக் காட்டினால் போதும், பார்த்துவிட்டு நகரும் பத்துப் பேரில் இரண்டு பேராவது "இதே மாதிரி ஒண்ணு வாங்கணும், எது வாங்கலாம்?" என்று கேட்பார்கள். வாங்கியவர்கள் இன்னொரு கேள்வியோடு வருவார்கள்: "ஒண்ணுமே தெரியலையே?" திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். டெலஸ்கோப் பெட்டியோடு வரும் கையேடுகள் பெரும்பாலும் 40, 50 டிகிரி வட அட்சரேகையில் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. கன்னியாகுமரி 8 டிகிரியில் இருக்கிறது, சென்னை 13 டிகிரியில். நம் வானம் வேறு. எதை வாங்குவது, எந்த மாதம் பார்ப்பது என்று பல பதில்கள் இதனாலேயே மாறுகின்றன.

1. "டெலஸ்கோப் வாங்கணும்னு ரொம்ப நாள் ஆசை. எதுல ஆரம்பிக்கறது?"

ஒரு மாதம் எதுவும் வாங்காமல் வெறும் கண்ணால் பாருங்கள். டெலஸ்கோப் வானத்தில் ஒரு சின்னப் பொட்டை மட்டும்தான் காட்டும். குறைந்த உருப்பெருக்கத்தில்கூட நிலாவைப் போல மூன்று நான்கு மடங்கு அகலம்தான் உள்ளே அடங்கும். எங்கே திருப்புவது என்று தெரியாதவருக்கு எவ்வளவு நல்ல கருவியும் பயன்படாது.

தை, மாசி மாதங்களில் இரவு எட்டு மணிக்கு வெளியே வந்தால் தொடங்குவது சுலபம். ஏறக்குறைய உச்சியில் மூன்று நட்சத்திரங்கள் ஒரே வரிசையில் நிற்கும். அது ஓரியன் கூட்டத்தின் இடுப்பு. அதற்கு ஒரு பக்கம் செம்மஞ்சளாகத் திருவாதிரை, எதிர்ப்பக்கம் நீலவெள்ளையாக ரைகல். அந்த மூன்றின் வரிசையை வடமேற்கே நீட்டினால் ரோகிணி, அதைத் தாண்டிக் கார்த்திகைக் கூட்டம். தென்கிழக்கே நீட்டினால் சிரியஸ். சிரியஸுக்குத் தெற்கே கீழே தனியாக ஒளிர்வது அகத்தியர் நட்சத்திரம், அதாவது கேனோபஸ். வானத்தின் இரண்டாவது பிரகாசமான நட்சத்திரம். பஞ்சாங்கத்தில் பெயராக மட்டும் படித்தவற்றை நேரில் அடையாளம் கண்டுபிடிக்கும்போதே பாதி வேலை முடிந்துவிடுகிறது. போனில் ஸ்டெல்லேரியம் செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள், திரையைச் சிவப்பு நிறத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வெள்ளை வெளிச்சம் பட்டால் கண் மறுபடி இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும்.

2. "முதல்ல பைனாகுலர் வாங்குன்னு சொல்றாங்க. அதுல நட்சத்திரமெல்லாம் தெரியுமா?"

நன்றாகத் தெரியும். 10x50 என்று போட்டிருப்பதை வாங்குங்கள்: பத்து மடங்கு உருப்பெருக்கம், முன்பக்க லென்ஸ் 50 மில்லிமீட்டர். 15, 20 மடங்கு உள்ளவற்றைக் கையில் பிடித்தால் படம் ஆடிக்கொண்டே இருக்கும். ஸூம் வசதி உள்ள பைனாகுலர்களை ஒதுக்கிவிடுங்கள்.

கார்த்திகைக் கூட்டத்தில் வெறும் கண்ணுக்கு ஆறு நட்சத்திரம் தெரிந்த இடத்தில், பைனாகுலரில் பல பத்து நட்சத்திரங்கள் தெரியும். நிலாவில் பெரிய பள்ளங்கள் தெரியும். சுவரில் முழங்கையை ஊன்றி அசையாமல் பிடித்தால் வியாழனின் நான்கு பெரிய நிலவுகளும் புள்ளிகளாகத் தெரியும்; 1610இல் கலிலியோ கண்டுபிடித்த அதே நான்கு. சாய்வு நாற்காலியில் படுத்துக்கொண்டு, கைப்பிடியில் முழங்கையை வைத்துப் பார்ப்பது இன்னும் சுகம். பின்னால் டெலஸ்கோப் வாங்கினாலும் இது வீண் போகாது. எதை எங்கே தேடுவது என்று பார்க்க நான் இன்றும் முதலில் எடுப்பது பைனாகுலரைத்தான்.

3. "ஆன்லைன்ல 675 மடங்குன்னு போட்டிருக்கு, விலையும் கம்மி. வாங்கலாமா?"

வேண்டாம். அந்த 675 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். உருப்பெருக்கம் என்பது டெலஸ்கோப்பின் குவியத் தூரத்தை ஐபீஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் வருவது. குவியத் தூரம் என்றால் லென்ஸோ கண்ணாடியோ வெளிச்சத்தைக் குவிக்க எடுத்துக்கொள்ளும் தூரம். ஐபீஸ் என்பது கண் வைத்துப் பார்க்கும் சின்ன லென்ஸ் குழாய், கழற்றி மாற்றலாம். 900 மில்லிமீட்டர் குழாயில் 4 மில்லிமீட்டர் ஐபீஸ் போட்டால் 225 மடங்கு. நடுவில் மூன்று மடங்காக்கும் பார்லோ லென்ஸைச் செருகினால் 675. கணக்கு சரிதான், படம்தான் வராது.

ஒரு டெலஸ்கோப் தாங்கக்கூடிய உருப்பெருக்கத்துக்கு எல்லை உண்டு. முன்பக்க லென்ஸ் அல்லது கண்ணாடியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து இரண்டால் பெருக்குங்கள். 60 மில்லிமீட்டருக்கு 120 மடங்கு, அவ்வளவுதான். அதைத் தாண்டினால் மங்கலான, ஆடுகிற ஒரு சாம்பல் திட்டு மட்டும் தெரியும். பெரிய டெலஸ்கோப்பிலும் காற்று மண்டலத்தின் அசைவால் பெரும்பாலான இரவுகளில் 200 மடங்கைத் தாண்டுவது கஷ்டம். நான் அதிகம் பயன்படுத்துவது 30 முதல் 100 மடங்குக்குள்தான். பெட்டியின் மேல் உருப்பெருக்கத்தைப் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள் என்றாலே அந்தப் பெட்டியைக் கீழே வைத்துவிடுங்கள்.

4. "அப்போ எதைத்தான் பார்த்து வாங்கணும்?"

இரண்டே இரண்டு: விட்டம், ஆடாத தாங்கி.

மழையில் குண்டான் வைத்தால் ஒரு அளவு தண்ணீர், அண்டா வைத்தால் அதைவிடப் பல மடங்கு. வெளிச்சமும் அப்படித்தான் சேர்கிறது. இருட்டில் நன்றாக விரிந்த கண்ணின் பாவை சுமார் 7 மில்லிமீட்டர். 70 மில்லிமீட்டர் லென்ஸ் அதைப் போல 100 மடங்கு வெளிச்சம் சேர்க்கும்; 130 மில்லிமீட்டர் கண்ணாடி ஏறக்குறைய 345 மடங்கு. நுணுக்கமும் விட்டத்தோடு சேர்ந்து கூடும். ஒட்டி நிற்கும் இரட்டை நட்சத்திரங்களைச் சின்ன டெலஸ்கோப் ஒன்றாகக் காட்டும், பெரியது பிரித்துக் காட்டும்.

தாங்கியைப் பலர் கவனிப்பதே இல்லை. கடையில் நின்ற நிலையிலேயே குழாயை விரலால் லேசாகத் தட்டிவிட்டு உள்ளே பாருங்கள். இரண்டு மூன்று நொடிக்குள் ஆட்டம் நின்றால் நல்லது. தொடர்ந்து துடித்துக்கொண்டே இருந்தால், மாடிக் காற்றில் குவியம் சரிசெய்யக் கையை வைத்தாலே சனி கிரகம் துள்ளிக் குதிக்கும். மூன்றாவதாக ஒரு சின்ன விஷயம்: ஐபீஸ் செருகும் துளை 1.25 அங்குலமாக இருக்கட்டும். அதுதான் எங்கும் கிடைக்கிற அளவு, நாளைக்கு வேறு ஐபீஸ் வாங்க வசதி.

5. "லென்ஸ் வச்சதா, கண்ணாடி வச்சதா? எது நல்லது?"

இரண்டும் நல்லதுதான். லென்ஸ் டெலஸ்கோப்புக்குப் பராமரிப்பு குறைவு. எடுத்து வைத்து உடனே பார்க்கலாம். நிலாவும் கிரகங்களும் கூர்மையாகத் தெரியும். ஆனால் விட்டம் கூடக்கூட விலை தாவிவிடும். கண்ணாடி டெலஸ்கோப், அதாவது நியூட்டோனியன், அதே காசுக்குப் பெரிய விட்டம் தரும். அதற்குப் பதில் உள்ளே இருக்கும் இரண்டு கண்ணாடிகளையும் அவ்வப்போது நேராக்க வேண்டும். இதற்குக் காலிமேஷன் என்று பெயர். கண்ணாடிக்குப் பின்னால் உள்ள திருகுகளைத் திருப்பிச் செய்யும் வேலை, பழகினால் ஐந்து நிமிடம்.

ஒரு எச்சரிக்கை. நியூட்டோனியனில் குழாயின் நீளமும் குவியத் தூரமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். குழாய் அரை மீட்டர்தான், ஆனால் குவியத் தூரம் 1000 மில்லிமீட்டர் என்று எழுதியிருந்தால், உள்ளே ஒரு மலிவான திருத்த லென்ஸ் ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். படம் கூர்மையாக வராது, காலிமேஷன் செய்வதும் பெரும்பாடு. 114, 127 மில்லிமீட்டர் என்று விற்பவற்றில் இதைப் பார்த்திருக்கிறேன்.

6. "ஈக்குவடோரியல் மவுண்ட்தான் சரியானது, மத்ததெல்லாம் பொம்மைன்னு சொல்றாரே கடைக்காரர்?"

தொடங்குபவருக்கு, அதுவும் தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ இருப்பவருக்கு, நான் அதைச் சொல்ல மாட்டேன். மவுண்ட் என்றால் தாங்கிதான். ஈக்குவடோரியல் மவுண்டின் அச்சு துருவ நட்சத்திரத்தை நோக்கி இருக்க வேண்டும். அப்போதுதான் ஒரே ஒரு குமிழைத் திருப்பி, பூமியின் சுழற்சிக்கு ஈடாக நட்சத்திரத்தைப் பின்தொடர முடியும். துருவ நட்சத்திரத்தின் உயரம் நாம் இருக்கும் அட்சரேகைக்குச் சமம்: சென்னையில் 13 டிகிரி, மதுரையில் 10, யாழ்ப்பாணத்தில் 10க்குச் சற்றுக் குறைவு, கொழும்பில் 7. அது அப்படியொன்றும் பிரகாசமான நட்சத்திரமும் இல்லை. வடக்கே ஒரு தென்னந்தோப்போ எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியோ போதும், மறைந்துவிடும். எதுவும் மறைக்காவிட்டாலும் அடிவானத்துத் தூசியில் மங்கிப்போகும்.

கருவியிலேயே இன்னொரு சிக்கல். அச்சை 8, 10 டிகிரிக்குத் தாழ்த்தினால் எடைக்கல் தொங்கும் கம்பி முக்காலியின் காலில் போய் இடிக்கும். விலை குறைந்த மவுண்டுகள் சில அந்த அளவுக்குத் தாழவே தாழாது. ஐரோப்பாவில் ஒழுங்காக வேலை செய்யும் அதே பொருள் இங்கே மல்லுக்கட்ட வைக்கிறது.

டாப்சோனியன் என்ற மரப்பலகைத் தாங்கி இதற்கு நல்ல மாற்று. சான் பிரான்சிஸ்கோவில் தெருவோரத்தில் டெலஸ்கோப்பை நிறுத்திப் போவோர் வருவோருக்கெல்லாம் வானத்தைக் காட்டிய ஜான் டாப்சன் பரப்பிய வடிவம் இது. பக்கவாட்டில் சுழலும், மேலும் கீழும் சாயும். அவ்வளவுதான். வடக்கு எது என்றுகூடத் தெரிய வேண்டாம். இதிலும் நம் ஊருக்கென்று ஒரு சங்கடம் உண்டு: கிரகங்கள் இங்கே பல மாதங்களில் தலைக்கு நேர் மேலே போய்விடுகின்றன, அந்த இடத்தில் டாப்சோனியனைத் திருப்புவது கஷ்டம். ஒரு மணி நேரம் பொறுத்தால் 15 டிகிரி இறங்கிவிடும், அப்போது பார்த்துக்கொள்ளலாம். உயரத்தில் இருக்கும் பொருளைக் காற்று மண்டலம் குறைவாகக் கலைக்கும் என்பதால், குளிர்நாட்டுக்காரர்களுக்குக் கிடைக்காத தெளிவு நமக்குக் கிடைக்கிறது.

7. "பட்ஜெட் பத்தாயிரம்தான். என்ன வாங்கலாம்?"

விலைகள் ஏறி இறங்கும், தோராயமாகத்தான் சொல்கிறேன். பத்தாயிரத்துக்குள் என்றால் நல்ல 10x50 பைனாகுலர் ஒன்று, மிச்சத்துக்கு அதை மாட்ட ஒரு முக்காலி. கொஞ்சம் கூடப் போட முடிந்தால் 70 மில்லிமீட்டர் லென்ஸ் டெலஸ்கோப், சாதாரண மேல்-கீழ், இட-வலத் தாங்கியோடு. 20 முதல் 30 ஆயிரம் வரை போக முடிந்தால் 114 அல்லது 130 மில்லிமீட்டர் மேசை டாப்சோனியன். முதல் டெலஸ்கோப் எது என்று கேட்பவர்களுக்கு நான் பெரும்பாலும் சொல்வது இந்த 130ஐத்தான். மேசை டாப்சோனியனை வைக்க உறுதியான இடம் வேண்டும். பிளாஸ்டிக் ஸ்டூல் ஆடும். மாடிக் கைப்பிடிச் சுவர் பக்கத்தில் சிமென்ட் திண்டு இருந்தால் அருமை. அதற்கு மேல் செலவழிக்க முடிந்தால் 150, 200 மில்லிமீட்டர் டாப்சோனியன். அந்த அளவைப் பற்றிக் கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

தானாகத் தேடித் திரும்பும் மோட்டார் மவுண்டுகளில் காசின் பெரும்பகுதி மோட்டாருக்கே போய்விடும். முதல் கருவிக்கு அந்தப் பணத்தை விட்டத்தில் போடுங்கள்.

8. "நான் சென்னையில இருக்கேன். மொட்டை மாடியில இருந்து ஏதாவது தெரியுமா?"

நிலா, வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி இவற்றுக்கு நகர வெளிச்சம் ஒரு தடையே இல்லை. இரட்டை நட்சத்திரங்களும் அப்படியே. கார்த்திகைக் கூட்டம், ஓரியன் நெபுலா என்ற வாயு மேகம் போன்ற பிரகாசமானவை கொஞ்சம் சோகையாகத் தெரியும். பால்வெளி தெரியாது, கேலக்ஸிகளைத் தேடுவதும் வீண். அதற்கு ஜவ்வாது மலை, கொல்லிமலை, கொடைக்கானலுக்கு மேலே மன்னவனூர்ப் பக்கம் என்று போக வேண்டும்.

மாடியில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பகல் முழுக்கச் சூடேறிய தளம் இரவு ஒன்பது பத்து மணி வரை வெப்பத்தைக் கக்கிக்கொண்டிருக்கும். அந்தக் காற்றின் வழியாகப் பார்த்தால் கிரகத்தின் விளிம்பு கொதிப்பது போல அலையடிக்கும். மாலையில் தளத்தில் தண்ணீர் தெளித்து வைத்தால் ஓரளவு குறையும். அதைவிட நல்லது, பின்னிரவில் பார்ப்பது. பக்கத்து வீட்டு ஏசி வெளிப்பெட்டிக்கு மேலாகப் பார்ப்பதையும் தவிருங்கள்.

9. "எந்த மாசம் நல்லா தெரியும்?"

ஜனவரி முதல் ஏப்ரல் வரை. அக்டோபர் முதல் டிசம்பர் பாதி வரை வடகிழக்குப் பருவமழை. ஜூனிலிருந்து தென்மேற்குப் பருவத்து மேகம். நடுவில் மழை பெய்து ஓய்ந்த இரவுகளில் தூசியெல்லாம் கழுவப்பட்டு வானம் பளிச்சென்று இருக்கும், அவற்றை விடாதீர்கள். மங்கலானவற்றைத் தேடுவதென்றால் அமாவாசைக்கு முன்னும் பின்னும் ஐந்து நாள். நிலாவையே பார்ப்பதென்றால் பௌர்ணமி வேண்டாம். வளர்பிறை பஞ்சமி முதல் தசமி வரை வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் கோட்டில் பள்ளங்களின் நிழல் நீளமாக விழும், ஒவ்வொரு மலையும் தனித்து நிற்கும். பௌர்ணமியன்று நிழலே இல்லாததால் எல்லாம் தட்டையாகிவிடும்.

ஏப்ரல், மே மாதங்களில் தெற்கு அடிவானம் திறந்திருக்கும் இடம் ஒன்றைக் கட்டாயம் கண்டுபிடியுங்கள். தென்சிலுவை எழுந்து நிற்கும். அதற்கு இடப்பக்கம் மேலே, சென்னையிலிருந்து சுமார் 30 டிகிரி உயரம் வரை ஒமேகா சென்டாரி என்ற உருண்டை நட்சத்திரக் கொத்து வரும். நம் கேலக்ஸியின் கொத்துகளிலேயே மிகப் பெரியது. சுமார் 17,000 ஒளியாண்டு தூரம். லண்டனில் இருப்பவருக்கு அது உதிப்பதே இல்லை. கன்னியாகுமரியில் இன்னும் ஐந்து டிகிரி உயரமாகவே தெரியும்.

10. "வாங்கிட்டு வந்து பார்த்தேன். ஒண்ணுமே தெரியல, ஒரே கறுப்பு."

பெரும்பாலும் கருவியில் கோளாறு இருக்காது. முதலில் முன்பக்க மூடியைப் பாருங்கள். மூடியின் நடுவில் ஒரு சின்ன மூடி இருக்கும். அதை மட்டும் கழற்றிவிட்டு முழு மூடியை அப்படியே விட்டிருப்பார்கள். அடுத்தது ஐபீஸ். அதில் போட்டிருக்கும் மில்லிமீட்டர் எண் பெரியதாக இருந்தால் உருப்பெருக்கம் குறைவு என்பது மூன்றாவது பதிலில் சொன்ன கணக்கிலேயே இருக்கிறது. 25ஐப் போடுங்கள், 10ஐப் பையில் வையுங்கள், பார்லோ பக்கமே போக வேண்டாம்.

அப்புறம் ஃபைண்டர், அதாவது டெலஸ்கோப்பைக் குறி பார்த்துத் திருப்ப உதவுவது. குழாயின் முதுகில் இருக்கும் அந்தக் குட்டிக் கருவியை இரவில் சரிசெய்ய முயன்றால் வெறுத்துப் போகும். பகலில் செய்யுங்கள். அரைக் கிலோமீட்டருக்கு அப்பால் அசையாத ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்: செல்போன் கோபுரத்தின் உச்சி, கோயில் கோபுரக் கலசம். சூரியன் இருக்கும் பக்கம் மட்டும் திருப்பாதீர்கள். டெலஸ்கோப்பை மெதுவாக நகர்த்தி, ஐபீஸில் கலசம் சரியாக நடுவில் வரும்வரை தேடுங்கள். இப்போது குழாயை அசைக்காமல், ஃபைண்டரில் உள்ள திருகுகளை மட்டும் திருப்பி, அதன் சிவப்புப் புள்ளியும் அதே கலசத்தின் மேல் உட்காரும்படி செய்யுங்கள். பிறகு 10 மில்லிமீட்டர் ஐபீஸ் போட்டு ஒருமுறை சரிபாருங்கள். இரவில் நிலாவில் தொடங்குங்கள்.

கடைசியாகக் குவியம். நட்சத்திரம் பெரிய வட்டமாக, நடுவில் ஓட்டை போட்ட வடை மாதிரி தெரிந்தால் குவியம் விலகியிருக்கிறது. வட்டம் சிறுத்துக்கொண்டே வரும் பக்கமாகக் குமிழைத் திருப்புங்கள், புள்ளியானதும் நிறுத்துங்கள். எந்த டெலஸ்கோப்பிலும் நட்சத்திரம் புள்ளியாகத்தான் தெரிய வேண்டும்.

11. "படம் தலைகீழா தெரியுதே, பழுதா?"

இல்லை. நியூட்டோனியனில் தலைகீழாகத்தான் தெரியும். லென்ஸ் டெலஸ்கோப்பில், உள்ளே கண்ணாடி வைத்த வளைந்த குழாய்த் துண்டு மாட்டியிருந்தால் மேல் கீழ் சரியாக, இடம் வலம் மாறி வரும். வானத்தில் மேல் கீழ் இல்லாததால் நிமிர்த்துவதற்காகக் கூடுதல் லென்ஸ் வைத்து வெளிச்சத்தை இழப்பதில்லை. பறவைகளையும் பார்க்க வேண்டுமென்றால் லென்ஸ் டெலஸ்கோப் வாங்கி, நிமிர்த்திக் காட்டும் பிரிசம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

12. "சனி வளையம் தெரியுமா? எவ்ளோ பெரிசா தெரியும்?"

தெரியும். 70 மில்லிமீட்டரில், 30 மடங்கிலேயே வளையம் இருப்பது புரியும். 65 மடங்கில் வளையத்தோடு சேர்ந்த சனி, வெறும் கண்ணுக்கு நிலா தெரியும் அளவை விடச் சற்றுப் பெரியது. ஆனால் பெரிய கறுப்பு வட்டத்தின் நடுவில் இருப்பதால் மனதுக்குச் சின்னதாகப் படும். 2025 மார்ச்சில் வளையத்தின் விளிம்பு நமக்கு நேராக வந்து ஒரு கோடு போல ஆனது. இப்போது ஆண்டுக்கு ஆண்டு விரிந்துகொண்டே வருகிறது. 2032 வாக்கில் முழுவதுமாக விரிந்திருக்கும். இனி வாங்குபவருக்கு நல்ல காலம்தான்.

வியாழனில் இரண்டு கறுப்புப் பட்டைகளும் நான்கு நிலவுகளும். ஒரு மணி நேரம் இடைவெளி விட்டுப் பார்த்தால் நிலவுகள் இடம் மாறியிருக்கும். குழந்தைகளுக்குக் காட்ட இதைவிட நல்லது இல்லை. செவ்வாய் சுமார் 26 மாதத்துக்கு ஒருமுறைதான் நெருங்கி வரும். 2027 பிப்ரவரியில் வியாழனும் செவ்வாயும் சில நாள் வித்தியாசத்தில் சூரியனுக்கு நேர் எதிரே வருகின்றன, இரண்டும் சிம்மத்தில், இரவு முழுக்க. நமக்கு மேகமில்லாத மாதம் வேறு.

13. "போட்டோல கலர் கலரா இருக்கே, எனக்கு ஏன் சாம்பலா தெரியுது?"

மங்கிய வெளிச்சத்தில் நம் கண்ணால் நிறம் பிரிக்க முடியாது. கேமரா பல நிமிடம், பல மணி நேரம் வெளிச்சத்தைச் சேர்த்து வைக்கும். கண்ணால் அது ஆகாது. ஓரியன் நெபுலா நல்ல இருட்டில் லேசான பச்சைச் சாயலோடு தெரியலாம், மற்றவை சாம்பல் புகைதான். இதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது முக்கியம். படத்தைப் பார்த்து வாங்கியவர்கள்தான் ஏமாந்து போகிறார்கள். ஆண்ட்ரோமீடா கேலக்ஸி ஒரு மங்கல் திட்டாகத்தான் தெரியும். ஆனால் அந்த வெளிச்சம் 25 லட்சம் ஆண்டு பயணம் செய்து உங்கள் விழித்திரையில் நேரடியாக விழுகிறது. எனக்கு அதற்கு மேல் நிறம் தேவைப்பட்டதில்லை.

14. "போன் வச்சு போட்டோ எடுக்கலாமா? ஸ்மார்ட் டெலஸ்கோப்னு ஒண்ணு வந்திருக்காமே?"

நிலாவைத் தாராளமாக எடுக்கலாம். ஐபீஸில் மாட்டும் போன் பிடிப்பான் மலிவாகக் கிடைக்கிறது. டைமர் வைத்து எடுங்கள், தொட்டால் ஆடும். கிரகங்களை வீடியோவாக எடுத்து, அதில் நல்ல படச்சட்டங்களை மட்டும் மென்பொருளால் அடுக்குவார்கள். நெபுலா, கேலக்ஸி எடுப்பதற்கு மோட்டாரில் ஓடும் ஈக்குவடோரியல் மவுண்ட் வேண்டும். அது தனிச் செலவு.

சீஸ்டார் எஸ்50 போன்ற ஸ்மார்ட் டெலஸ்கோப்புகளில் 50 மில்லிமீட்டர் லென்ஸும் கேமராவும் இருக்கும். தானாகத் தேடி, படங்களை அடுக்கி, போன் திரையில் காட்டும். நகர மாடியிலிருந்தே நெபுலாவை நிறத்தோடு காட்டுவதால் படம் சேர்ப்பவர்களுக்கு அருமையான கருவி. ஆனால் அதில் கண் வைத்துப் பார்க்க எதுவும் இல்லை. நேரில் பார்க்க ஆசைப்படுபவர் அதை வாங்கினால் அந்த ஆசை தீராது.

15. "சந்திரயான் இறங்கின இடம் தெரியுமா? நிலாவுல நட்ட கொடி?"

இடம் தெரியும், பொருள் தெரியாது. சந்திரயான்-3இன் விக்ரம் 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலாவின் 69 டிகிரி தென் அட்சரேகையில் இறங்கியது. பக்கத்தில் மான்சினஸ் என்ற பள்ளம், கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர் அகலம். வளர்பிறை சஷ்டி, சப்தமியில் நிலாவின் தென்முனைப் பக்கம் திருப்பினால், விளிம்பை ஒட்டிச் சப்பையான நீள்வட்டமாகத் தெரியும். நிலாவின் வரைபடம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு தேடுங்கள்.

150 மில்லிமீட்டர் டெலஸ்கோப்பில் நிலாவில் பிரித்துப் பார்க்க முடிகிற மிகச் சிறிய அளவு சுமார் ஒன்றரை கிலோமீட்டர். ஒரு கொடியைக் காண வேண்டுமென்றால் 100 மீட்டருக்கு மேல் விட்டமுள்ள டெலஸ்கோப் வேண்டும். உலகில் எங்கும் அப்படி ஒன்று இல்லை.

16. "சூரியனைப் பார்க்கலாமா? கிரகணத்துக்கு?"

டெலஸ்கோப்பின் முன்வாய் முழுவதையும் மூடும், இதற்கென்றே செய்யப்பட்ட சூரிய வடிகட்டி இருந்தால் மட்டும். அது இல்லாமல் ஒரு நொடி பார்த்தாலும் பார்வை போய்விடும், வலிகூடத் தெரியாது. சில பழைய பெட்டிகளில் ஐபீஸில் திருகும் கறுப்புச் சூரியக் கண்ணாடி வரும். குவிந்த சூட்டில் அது வெடித்துவிடும். எடுத்து உடைத்துப் போடுங்கள். எக்ஸ்ரே படலம், வெல்டிங் கண்ணாடித் துண்டு எதுவும் டெலஸ்கோப்புக்கு ஆகாது. ஃபைண்டரையும் கழற்றி வையுங்கள், குழந்தைகள் அதில் கண்ணை வைப்பார்கள்.

சரியான வடிகட்டி போட்டால் சூரியப் புள்ளிகளை நாள்தோறும் பார்த்து வரையலாம். 1909இல் ஜான் எவர்ஷெட் கொடைக்கானல் ஆய்வகத்தில் சூரியப் புள்ளிகளைச் சுற்றி வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டுபிடித்தார். அந்த ஆய்வகம் இன்றும் இயங்குகிறது. 2019 டிசம்பர் 26 அன்று கோவை, திண்டுக்கல், திருச்சிப் பக்கம் வளையக் கிரகணம் தெரிந்தது நினைவிருக்கும். அடுத்த வளையக் கிரகணம் 2031 மே 21 அன்று தென் தமிழ்நாடு, வட இலங்கை வழியாகப் போகிறது.

17. "லென்ஸ்ல பூஞ்சை பிடிக்குமாமே? எப்படி வச்சுக்கறது?"

நம் ஈரக் காற்றில் பிடிக்கும், கடலோரத்தில் இன்னும் சீக்கிரம். ஐபீஸ்களைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். மார்கழிப் பனியில் நனைந்தால் மூடியைப் போட்டு அடைக்காமல், உள்ளே வைத்து உலர்ந்த பிறகு மூடுங்கள். ஏசி அறையில் வைத்திருந்த டெலஸ்கோப்பை நேராக மாடிக்குக் கொண்டுபோனால் கண்ணாடி முழுக்க நீர் பூத்துவிடும். பையைத் திறக்காமல் அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டுத் திறங்கள். தூசி விழுந்தால் ஊதுபந்தால் ஊதுங்கள். வேட்டி நுனியால் துடைத்தால் கீறல் விழும். கொஞ்சம் தூசி இருந்தால் பார்வைக்கு ஒன்றும் ஆகாது.

18. "நான் கண்ணாடி போடறவன்."

கிட்டப்பார்வை, தூரப்பார்வை மட்டும் என்றால் கழற்றிவிட்டுக் குவியத்தைத் திருப்பிக்கொள்ளலாம். சிலிண்டர் பவர் இருந்தால் கண்ணாடியோடு பார்ப்பது நல்லது. ஐபீஸின் ரப்பர் விளிம்பை மடித்துவிடுங்கள்.

19. "காவலூர் போனா பெரிய டெலஸ்கோப்புல பார்க்க விடுவாங்களா?"

ஜவ்வாது மலையில் உள்ள வைணு பாப்பு வானாய்வகத்தின் 2.3 மீட்டர் டெலஸ்கோப் 1986இல் திறக்கப்பட்டது. அதில் கண் வைத்துப் பார்ப்பதில்லை; வெளிச்சம் நேராகக் கருவிகளுக்குப் போகிறது. சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதித்துச் சுற்றிக் காட்டுவது வழக்கம். கிளம்பும் முன் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டாயம் போங்கள். 1977 மார்ச்சில் யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது அதன் வளையங்களின் தடயம் பதிவான இடங்களில் காவலூரின் 1 மீட்டர் டெலஸ்கோப்பும் ஒன்று. போகிற வழியில் அந்த மலையின் இருட்டையும் பார்த்துவிடலாம்.

20. "பெரிசா 200 மில்லிமீட்டர் வாங்கிட்டா ஊருக்குள்ள இருந்தே கேலக்ஸி தெரியாதா?"

நாலாவது பதிலைப் படித்தவர்கள் சரியாக இதைத்தான் கேட்பார்கள். நட்சத்திரம் புள்ளி, விட்டம் கூடினால் அது பிரகாசமாகும், பின்னணி வானம் ஆகாது. ஆனால் கேலக்ஸியும் நெபுலாவும் பரந்த மங்கல் திட்டுகள். டெலஸ்கோப் திட்டின் வெளிச்சத்தைக் கூட்டும்போது தெருவிளக்கால் வெளுத்த வானத்தின் வெளிச்சத்தையும் அதே அளவு கூட்டிவிடுகிறது. எந்த டெலஸ்கோப்பும் ஒரு திட்டின் பரப்புப் பிரகாசத்தை வெறும் கண்ணுக்கு இருப்பதைவிட அதிகமாக்க முடியாது, பெரிதாக்கத்தான் முடியும். ஆகவே மன்னவனூரில் 130 மில்லிமீட்டரில் தெரியும் கேலக்ஸி, தியாகராய நகரில் 200லும் தெரியாமல் போகலாம்.

உருண்டை நட்சத்திரக் கொத்துகள் மட்டும் விலக்கு, அவை புள்ளிகளின் கூட்டம். 130இல் ஓரங்களில் மட்டும் நட்சத்திரங்களாகப் பிரியும் ஒமேகா சென்டாரி, 200இல் நடுப்பகுதி வரை பிரிந்து நிற்கும். கிரகங்களின் நுணுக்கமும் கூடும். அதனால் 200 வாங்குவது தவறில்லை. வாங்கும் முன் எடையை விசாரியுங்கள்: குழாய் 1.2 மீட்டர் நீளம், அடிப்பலகையோடு சேர்த்து 20 கிலோவுக்கு மேல், இரண்டு தடவையாகத் தூக்க வேண்டும். லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி என்றால் 130 போதும். தனி வீடு, கார், மாதம் ஒருமுறை மலைக்குப் போகும் எண்ணம் எல்லாம் இருந்தால் 200ஐ எடுங்கள். உங்கள் காரின் பின் இருக்கையில் 1.2 மீட்டர் குழாய் குறுக்கே படுக்குமா என்று மட்டும் முதலில் அளந்து பாருங்கள்.